எல்லாம் ஹார்ட் கோர்ட்தானே, அப்புறம் ஏன் மெல்போர்ன்ல 10, நியூயார்க்ல 4?

திருப்பாலை_பேஸ்லைன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா உறுத்துற டென்னிஸ் கேள்வி ஒண்ணு. மெல்போர்ன்ல நடக்குற ஆஸ்திரேலிய ஓபன், நியூயார்க்ல நடக்குற யு.எஸ். ஓபன் ரெண்டுமே அக்ரிலிக் பூசின நீலக் கோர்ட். ஜோகோவிச் மெல்போர்ன்ல 10 கோப்பை, நியூயார்க்ல 4 தான். நடாலுக்குத் தலைகீழ்: நியூயார்க்ல 4, மெல்போர்ன்ல 2. ஆண்டி மர்ரி 2012-ல நியூயார்க்ல ஜெயிச்சார். மெல்போர்ன்ல 5 பைனல் ஆடி அஞ்சுலயும் தோல்வி. மண் கோர்ட்லயும் இதே கதைதான். நடால் மான்டே கார்லோவுல 11, ரோம்ல 10 ஜெயிச்சவர், மாட்ரிட் மண்ணுல மட்டும் 4.

தரை ஒண்ணுதான்னா வித்தியாசம் எங்கிருந்து வருது? பெயின்ட்டா, பந்தா, வெயிலா, மனசா?

இதோட ஒட்டின இன்னொரு கேள்வி. மதுரை ஹார்ட் கோர்ட்ல பழகுற 13, 14 வயசுப் பசங்க தூத்துக்குடி, கொடைக்கானல், சென்னைன்னு ஆடப் போறாங்க. அங்கயும் அக்ரிலிக்தான். ஆனா முதல் ரவுண்டுல பந்து ஒண்ணு வெளிய பறக்குது, இல்ல நெட்டுல முட்டுது. பழகிக்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருது. போன உடனே கோர்ட்டைப் படிக்க ஏதாவது முறை இருந்தா சொல்லுங்க.

கோர்ட்_பூச்சு_மேலூர்

தம்பி, ஹார்ட் கோர்ட்ங்கிறது குழம்புன்னு சொல்ற மாதிரி. புளிக்குழம்பா கறிக்குழம்பான்னு அதுல தெரியாது.

முதல்ல அந்த ரெண்டு ஊரைப் பார்ப்போம். மெல்போர்ன்ல 2007 வரைக்கும் ரீபவுண்ட் ஏஸ். அது ரப்பர் கலந்த தரை. வெயில் ஏறினா ஒட்டும், பந்து உசரமா எழும்பும், கணுக்கால் பிசகும். 2008-லேர்ந்து 2019 வரை பிளெக்ஸிகுஷன். 2020-லேர்ந்து கிரீன்செட். நியூயார்க்ல 1978-லேர்ந்து 2019 வரைக்கும் டெகோடர்ஃப், 2020-லேர்ந்து லேகோல்டு. ஆக நீலத்துக்குள்ளயே பல கம்பெனி, பல கலவை.

எந்தக் கம்பெனியா இருந்தாலும் அடுக்கு ஒரே மாதிரிதான். அடியில கான்கிரீட் இல்லைன்னா தார். அதுக்கு மேல பள்ளம் நிரப்புற பூச்சு. அப்புறம் ரப்பர் துகள் கலந்த மெத்தை அடுக்கு, அது வச்சாலும் உண்டு, வைக்காமலும் உண்டு. கடைசியா சிலிக்கா மணல் கலந்த நிறப் பூச்சு ரெண்டு மூணு கை. வேகத்தை முடிவு பண்றது இந்தக் கடைசி மணல். நிறப் பூச்சுக்கு வழக்கமா 80–100 மெஷ் (சல்லடைக் கண் எண்ணிக்கை) மணல். எண்ணிக்கை குறையக் குறைய மணல் பெரிசு. 60 மெஷ் போட்டா தரை உப்புத்தாள் மாதிரி பந்தைப் பிடிக்கும், ஆட்டம் மெதுவாகும். அதே டப்பா பெயின்ட்டுல மணலைக் கூட்டிக் குறைச்சே ரெண்டு விதமான கோர்ட் போட்டுரலாம். போட்டி நடத்துறவங்க பலபேர் அதைத்தான் வேணும்னே செய்றாங்க.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் கோர்ட் வேகத்துக்கு ஒரு எண் வச்சிருக்கு. 29 வரை மெதுவு, 30–34 நடுத்தர மெதுவு, 35–39 நடுத்தரம், 40–44 நடுத்தர வேகம், 45-க்கு மேல வேகம். இந்த எண் ரெண்டு குணத்தைச் சேர்த்துப் போட்ட கணக்கு: தரை எவ்வளவு உரசுது, பந்து எவ்வளவு எழும்புது. உரசல் 0.65, எழும்பல் 0.83 உள்ள கோர்ட்டுக்கும் எண் 32, உரசல் 0.62, எழும்பல் 0.85 உள்ள கோர்ட்டுக்கும் அதே 32 தான் வரும். காகிதத்துல ரெண்டும் அண்ணன் தம்பி. முதல் கோர்ட்ல பந்து கொஞ்சம் தாழ்வா நின்னு வரும், ரெண்டாவதுல சறுக்கி வந்து கொஞ்சம் உசரமா ஏறும். ஸ்லைஸ் (பந்துக்கு அடியில வெட்டி அடிக்கிறது) ஆடுறவருக்கு ஒண்ணு இனிக்கும், டாப்ஸ்பின் (பந்தை முன்பக்கமா சுழலவிட்டு அடிக்கிறது) ஆடுறவருக்கு இன்னொண்ணு. "வேகம் ஒண்ணுதான், ஆனா ஆட்டம் வேற"ன்னு டிவியில சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊர்ப் பக்கம் கெடுறது எங்கன்னா, சித்திரை வெயில்ல மதியம் பூசுறது. தரை கொதிக்கும்போது ரப்பர் பட்டையால இழுத்தா, இழுத்த வாக்குலயே பெயின்ட் காஞ்சிரும். ஒவ்வொரு இழுப்பும் முடியிற இடத்துல மணல் கோடு கோடா நிக்கும். கையை வச்சுத் தடவினா சீப்புப் பல் மாதிரி தட்டுப்படும். அந்தக் கோட்டுல விழுற பந்து சொன்ன பேச்சு கேக்காது. விடிஞ்சதும் ஆரம்பிச்சு 10 மணிக்குள்ள முடிச்சுரணும். அடுத்த கையை முந்தின கைக்குக் குறுக்கா இழுக்கணும். புதுக் கான்கிரீட்னா 28 நாள் ஆறாம பெயின்ட்டைத் தொடவே கூடாது. தொட்டா ஒரு மழைக்கே கொப்புளம் போட்டு உரியும்.

பழைய கோர்ட்ல பேஸ்லைன் (கோர்ட்டோட பின்கோடு) நடுவுல மணல் தேஞ்சு பளபளன்னு இருக்கும், ஓரத்துல கரடு அப்படியே இருக்கும். அப்ப ஒரே கோர்ட்லயே ரெண்டு வேகம்.

சிம்மக்கல்_ஸ்ட்ரிங்கர்

மேலூர் அண்ணன் தரையைப் பத்திச் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்லை. ஆனா பந்தையும் காத்தையும் விட்டுட்டாரு. என் கணக்குல பாதி வித்தியாசம் அங்கதான் இருக்கு.

பந்து விதியே தாராளமானது. விட்டம் 6.54-லேர்ந்து 6.86 செ.மீ. வரை, எடை 56.0-லேர்ந்து 59.4 கிராம் வரை, எது இருந்தாலும் செல்லும். 254 செ.மீ. உயரத்துலேர்ந்து விட்டா 135–147 செ.மீ. எழும்பினாப் போதும். இந்த இடைவெளிக்குள்ள ரெண்டு கம்பெனி ரெண்டு விதமாப் பந்து செய்யலாம். மெல்போர்ன்ல 2019-லேர்ந்து டன்லப், நியூயார்க்ல வில்சன். நியூயார்க்ல 2022 வரைக்கும் ஆண்களுக்குத் தடிச்ச கம்பளி போர்த்தின பந்து, பெண்களுக்கு மெல்லிசுக் கம்பளி போர்த்தினது. மெல்லிசுப் பந்து காத்தைக் கிழிச்சுட்டுப் போகும், கையில நிக்காது. வீராங்கனை ஸ்வியாடெக் 2022-ல அதை வெளிப்படையாவே குறை சொன்னாங்க, அதே பந்துலயே கோப்பையும் ஜெயிச்சாங்க. 2023-லேர்ந்து பெண்களுக்கும் தடிச்ச பந்துதான்.

பந்து வாழுற காலமும் முக்கியம். பெரிய போட்டியில முதல் மாத்தம் 7 கேம்ல, அப்புறம் 9 கேமுக்கு ஒரு தடவை. ஈரக்காத்துல ஏழாவது கேம் பந்தைக் கையில எடுத்துப் பாருங்க: மேல் ரோமம் சிலுப்பிக்கிட்டு, நனைஞ்ச பஞ்சு மாதிரி விரல்ல ஒட்டும், கம்பெனிப் பேர் பாதி அழிஞ்சிருக்கும். வறண்ட காத்துல அதே கேம் பந்து ரோமம் உதிர்ந்து சின்னதாகி, மொழுமொழுன்னு இருக்கும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையைத் திருத்தணும். ஈரக்காத்து கனமானதுன்னு பலபேர் சொல்றாங்க. இல்லை. நீராவி காத்தைவிட லேசு. ஈரத்துல பந்து மெதுவாப் போறதுக்குக் காரணம் கம்பளி ஈரத்தைக் குடிச்சு ஊதிப் போறதுதான்.

காத்தோட அடர்த்தியை மாத்துறது வெப்பமும் உயரமும். மெல்போர்ன் ஜனவரியில பகல் 38 டிகிரி, அதே நாள் ராத்திரி 18 டிகிரின்னு போறதெல்லாம் அங்க சாதாரணம். அந்த 20 டிகிரிக்குப் பகல் காத்து கிட்டத்தட்ட 6 சதவீதம் லேசு. பந்துக்குள்ள அழுத்தமும் ஏறும். பகல் ஆட்டம் ஒரு கோர்ட், ராத்திரி ஆட்டம் வேற கோர்ட்.

உயரத்துக்கு மாட்ரிட். சுமார் 650 மீட்டர். காத்து கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 7 சதவீதம் லேசு. பந்து வேகமா வரும், சுழற்சிக்குக் காத்து குடுக்குற பிடிமானம் குறையும், டாப்ஸ்பின் பந்து கோட்டுக்குள்ள இறங்காம நீளும். நடாலோட ஆயுதமே அந்த இறக்கம்தான். அதே மாட்ரிட் மண்ணுல பெடரர் 2009-லயும் 2012-லயும் ஜெயிச்சார். மான்டே கார்லோவுலயும் ரோம்லயும் தலா 4 பைனல் ஆடி ஒண்ணுகூட ஜெயிக்கலை.

பத்துக்குப்பத்து

தரை, பந்து, காத்து எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா கேள்வி கேட்டவர் முதல்ல வச்சது ஜோகோவிச் கணக்கு. அதுக்கு மட்டும் இந்த விளக்கம் பொருந்தாது.

2025 வரைக்கும் எடுத்தா மெல்போர்ன்ல அவர் ஆடினது 10 பைனல். நியூயார்க்ல ஆடினதும் 10 பைனல். ஒரு தரை ஆகாத ஆளு அங்க பத்து பைனல் வருவாரா? மெல்போர்ன்ல பெயின்ட் மாறின பிறகும் 2020, 2021, 2023-ல ஜெயிச்சார். வித்தியாசம் கடைசி ஒரு ஆட்டத்துலதான். அந்தத் தோல்விகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. 2007-ல எதிரே பெடரர், நியூயார்க்கைத் தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சிட்டு நிக்கிறார். 2010, 2013 நடால். 2012 மர்ரி, காத்து சுழட்டி அடிச்ச நாள், அஞ்சு செட். 2016 வாவ்ரிங்கா. 2021 மெத்வதேவ், அது ஒரே வருஷத்துல நாலு கிராண்ட்ஸ்லாமும் ஜெயிக்க ஒரு ஆட்டம் பாக்கி இருந்த நாள். 6-4, 6-4, 6-4.

இதுபோக 2017-ல முழங்கைக் காயத்தால வரவே இல்லை. 2019-ல தோள் வலியில பாதியில விலகினார். 2020-ல பந்து லைன் நடுவர் மேல பட்டு வெளியேத்தப்பட்டார். 2022-ல தடுப்பூசி விதியால நாட்டுக்குள்ளயே போக முடியலை. இதுல எந்த வருஷத்துத் தோல்வியை மணல் மெஷ் மேல எழுதுவீங்க?

என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் காலண்டர். ஆஸ்திரேலிய ஓபன் ஜனவரியில, ஓய்வு எடுத்து உடம்பைத் தயார் பண்ணிட்டு வர்ற போட்டி. யு.எஸ். ஓபன் ஆகஸ்ட் கடைசியில. அதுக்குள்ள பாரிஸ் மண், விம்பிள்டன் புல், வட அமெரிக்க வெயில்ல ரெண்டு பெரிய போட்டின்னு உடம்பு பிழிஞ்சு போயிருக்கும். பாரிஸ்லயும் லண்டன்லயும் கடைசி நாள் வரைக்கும் ஆடுற ஆளுக்குத்தான் அந்தக் களைப்பு அதிகம். சாம்பியன்கள் நியூயார்க்ல சறுக்குறதுக்கு அவங்க சாம்பியனா இருக்கிறதே ஒரு காரணம்.

நம்ம சென்னை நுங்கம்பாக்கத்துல நடந்ததே சாட்சி. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில நடால் மோயாவோட கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆடினார். மறுநாள் அதே கோர்ட், அதே பந்து, யூஷ்னிகிட்ட 6-0, 6-1-னு விழுந்தார். ஒரு நாள்ல தரையா மாறுச்சு?

சிம்மக்கல்_ஸ்ட்ரிங்கர்

ஜோகோவிச் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. நடால் கடலோர மயாமியில ஒரு தடவைகூட ஜெயிக்கலை, பாலைவனத்து இந்தியன் வெல்ஸ்ல 3 தடவை ஜெயிச்சார்னு சொல்லி, "பாலைவனக் காத்து, கடல் காத்து"ன்னு எழுதுறவங்க உண்டு. அதையும் நான் முழுசா ஏத்துக்கிறதில்லை. மயாமியில அவர் 5 பைனல் ஆடியிருக்கார். தோத்தது பெடரர், டேவிடென்கோ, ஜோகோவிச்கிட்ட. ஆகாத ஊர்ல அஞ்சு பைனல் வராது.

ஆனா மாட்ரிட்–ரோம் கணக்கு அப்படித் தள்ளுபடி ஆகாது. ரெண்டுமே வசந்த கால மண் போட்டி, சில நாள் இடைவெளிதான். காலண்டர் ஒண்ணு, உடம்பு ஒண்ணு, எதிராளிகளும் அதே ஆளுங்க. மாறுறது உயரம்தான். தரையோட, காத்தோட பங்கு எவ்வளவுன்னு தெரியணும்னா இப்படிப் பக்கத்துப் பக்கத்து வாரத்தை எடுத்துத்தான் ஒப்பிடணும். ஜனவரியையும் செப்டம்பரையும் ஒப்பிட்டா எல்லாக் காரணமும் கலந்துரும்.

உங்க பக்கத்துக்கும் ஒரு உதாரணம் நானே தர்றேன். சின்சினாட்டி (யு.எஸ். ஓபனுக்கு முன்னாடி வர்ற போட்டி), நியூயார்க் ரெண்டுலயும் ரொம்ப வருஷம் டெகோடர்ஃப்தான். பெடரர் சின்சினாட்டியில 7 தடவை ஜெயிச்சார், அதுல 5 தடவை 2009-லேர்ந்து. நியூயார்க்ல 2008-க்குப் பிறகு ஒண்ணுகூட இல்லை. சின்சினாட்டியில மூணு செட்டுக்கு ரெண்டு ஜெயிச்சாப் போதும், அப்பல்லாம் ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிரும். நியூயார்க்ல அஞ்சுக்கு மூணு, ரெண்டு வாரம். 2018-ல புழுக்கமான ஒரு ராத்திரி மில்மன்கிட்ட தோத்தப்போ, கூரைக் கட்டுமானம் வந்தபிறகு அந்த அரங்கத்துல காத்தோட்டமே இல்லைன்னு அவரே சொன்னார். 35 தாண்டின உடம்புக்கு அதுவும் ஒரு எதிராளி.

கோர்ட்_பூச்சு_மேலூர்

ஒண்ணு விட்டுப்போச்சு. பின்னாடி இருக்கிற இடம். சர்வதேசப் போட்டிக்கு பேஸ்லைனுக்குப் பின்னால குறைஞ்சது 6.40 மீட்டர், பக்கவாட்டுல 3.66 மீட்டர் விடணும்னு கணக்கு. பெரிய அரங்கத்துல அதைவிடத் தாராளமா இருக்கும். நடால், மெத்வதேவ் மாதிரி நாலஞ்சு மீட்டர் பின்னால நின்னு சர்வீஸைத் திருப்பி அடிக்கிறவங்களுக்கு அந்த இடம்தான் மூச்சு. வெளிக் கோர்ட்ல விளம்பரப் பலகை முதுகுல இடிக்கும். அதே பூச்சு, அதே மணல், ஆனா அவங்களுக்கு அது வேகமான கோர்ட். நம்ம பக்கம் காம்பவுண்டுச் சுவரை 4 மீட்டர்ல எழுப்பிட்டு, பையன் ரிட்டர்ன் சரியில்லைன்னு திட்டுறது நியாயமே இல்லை.

திருப்பாலை_பேஸ்லைன்

இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றி. ஜோகோவிச் பத்துக்குப் பத்து பைனல்ங்கிறது எனக்குத் தோணவே இல்லை. என் ரெண்டாவது கேள்விக்கு யாராவது வழி சொல்லுங்க. குறிப்பா கொடைக்கானல். அங்க பந்தைக் கட்டுப்படுத்தவே முடியலை.

சிம்மக்கல்_ஸ்ட்ரிங்கர்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்க 15 டிகிரி காத்து, மதுரையோட 35 டிகிரி காத்தைவிட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு லேசு. குளிரா இருந்தும் லேசு, அதைக் கவனிங்க. மாட்ரிட்டைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம்.

பந்து சீல் பண்ணின பொருள். உயரம் ஏறினதால மட்டும் உள்ள இருக்கிற அழுத்தம் மாறாது, வெளியில இருந்து அமுக்குற காத்து சுமார் 3 பிஎஸ்ஐ குறைஞ்சிரும். அதனால பந்து காத்து அதிகமா அடிச்ச மாதிரி துள்ளும். 1,219 மீட்டருக்கு மேல ஆடுறதுக்குன்னே சம்மேளனத்துல தனிப் பந்து உண்டு. இல்லைன்னா உள்ளழுத்தம் இல்லாத பந்தை அந்த ஊர்லயே 60 நாள் வச்சுப் பழக்கி ஆடணும். போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி எந்தப் பந்துன்னு கேட்டு வச்சுக்கிங்க. சாதாரணப் பந்துன்னா, மதுரையில 50 பவுண்டு இழுவையில கட் (ராக்கெட் நரம்பு) போடுற பையனுக்கு 52 அல்லது 53. அதுக்கு மேல போகாதீங்க, வளர்ற முழங்கை தாங்காது. தூத்துக்குடியில சாயங்கால ஆட்டம்னா எதிர்ப்பக்கம்: 48. அங்க பந்து ஊதிப்போகும், ஆழமா விழ வைக்க ராக்கெட் ஒத்தாசை பண்ணணும்.

ராக்கெட்டை கார் டிக்கியில வெயில்ல போட்டு எடுத்துட்டுப் போனா இந்தக் கணக்கு எதுவும் நிக்காது. பாலியெஸ்டர் கட் சூட்டுல இழுவையை விட்டுரும்.

ரெண்டாவது_துள்ளல்

பசங்களுக்குக் கோர்ட் படிக்கக் கத்துக்குடுக்குற முறை. அரைமணி நேரம் போதும், ஆனா அதை வார்ம்-அப்போட சேர்க்காம தனியாச் செய்யணும்.

முதல்ல வீட்டுக் கோர்ட்ல ஒரு அளவு எடுத்து வச்சுக்கணும், இல்லைன்னா வெளியூர்ல எதோட ஒப்பிடுறது? ஒரே ஆள், அதே ராக்கெட், புதுப் பந்து. சுழற்சி இல்லாம நேரா 10 சர்வீஸ், எல்லாம் நடுக்கோட்டுப் பக்கமா. பந்து முதல் தடவை விழுறதைப் பார்க்க வேண்டாம். பேஸ்லைனுக்குப் பின்னால ரெண்டாவது தடவை எங்க விழுதுன்னு ஒருத்தர் நின்னு சாக்பீஸ்ல குறிக்கணும். நெட்டுல போனது, கோட்டைத் தாண்டினது கணக்குல இல்லை. நடுவான இடத்தை அடிக்கணக்குல நோட்டுல எழுதுங்க. வெளியூர்ல அதையே செஞ்சா, குறி சுவர்ப் பக்கம் தள்ளிப் போச்சுன்னா வேகம், கோட்டுப் பக்கம் வந்துச்சுன்னா மெதுவு. வேகம்னா பேக்ஸ்விங்கை (அடிக்கிறதுக்கு முன்னாடி ராக்கெட்டைப் பின்னால இழுக்கிறது) சுருக்கச் சொல்லுங்க. நிக்கிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளுறது ரெண்டாவது வழிதான்.

உயரத்தைத் தனியாப் பார்க்கணும், மேலூர் அண்ணன் சொன்ன அந்த 32 கணக்குக்காகவே. டாப்ஸ்பின் பந்து ஒரு பத்து ஊட்டிவிட்டு, பேஸ்லைன்ல நிக்கிற பையனுக்கு இடுப்புக்கு வருதா தோளுக்கு வருதான்னு பாருங்க. தோளுக்கு வந்தா ஏறும்போதே அடிக்கணும், இல்லைன்னா மூணு அடி பின்னால போகணும். நடுவுல நிக்கிறதுதான் தோல்வி.

அப்புறம் தரையில உள்ளங்கையை வச்சு பேஸ்லைன் நடு, பேஸ்லைன் ஓரம், சர்வீஸ் பாக்ஸ் மூணு இடத்துலயும் தேய்ங்க. நடு மட்டும் வழவழப்பா இருந்தா, அங்க விழுற ஆழமான பந்து மட்டும் தாழ்வா சறுக்கி வரும். முழங்காலை மடக்கி வைக்கணும். வெள்ளைக் கோட்டுல மணல் குறைவு. மார்கழிப் பனியில காலை 8 மணி வரைக்கும் அந்தக் கோடு வழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மரநிழல் விழுற மூலையில பாசி பிடிச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா ஆட்டத்துக்கு முன்னாடியே நடுவர்கிட்ட சொல்லித் தேய்க்கச் சொல்லணும்.

கடைசியா பந்து. 20 நிமிஷம் அடிச்ச பந்தையும் டப்பாவுலேர்ந்து எடுத்த புதுசையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பழசு பெரிசாத் தெரிஞ்சா அன்னைக்கு ரெண்டாவது செட்டுல ஒரே அடியில பாயின்ட் முடிக்கிறது கஷ்டம், ராலி நீளும், தண்ணியை முதல் செட்லேர்ந்தே குடிக்கணும். பழசு சின்னதாத் தெரிஞ்சா ரெண்டாவது செட்டுல பந்து பறக்கும். கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளேயே குறி வைக்கணும். ஜூனியர் போட்டியில பந்து மாத்துறது குறைவு, அதனால இந்த வித்தியாசம் பெரியவங்க ஆட்டத்தைவிட இங்க அதிகம்.

தேனி, கம்பம் பக்கம் ஆனி ஆடியில போறீங்கன்னா சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடுற டாஸைத் தாழ்த்துங்க. காத்து எதிர்க்க வர்ற பக்கத்துல ஆடும்போது நெட்டுக்கு மேல ஒரு மீட்டர் உயரம் குடுத்து அடிக்கச் சொல்லுங்க; முதுகுல காத்து இருக்கிற பக்கம் அதுல பாதி போதும்.